கழகத்தின் ஒரே லாபக்காரர்

நாற்பத்தோரு வருட இல்லறத்தில் ஓர்வில் டக்கெட் பணம் வைத்துச் சீட்டாடியது மொத்தம் பதினோரு மணி நேரம் இருபது நிமிடம். வெல்டாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அன்று அவர் வருவார் வருவார் என்று அடுப்பிலேயே வைத்திருந்த இறைச்சி காய்ந்து போய், கடைசியில் நாய்க்குப் போட வேண்டியிருந்தது.

அதுவும் அவராக விரும்பிப் போய் ஆடியதல்ல. ஓர்வில் நீச்சல் குளங்களுக்குப் பூச்சு வேலை செய்கிறவர். லாஸ் வேகஸில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, நீச்சல் குளத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஒரு சூதாட்ட விடுதி, குளத்தைச் செப்பனிட்டதற்குத் தர வேண்டிய பாக்கிக்குப் பதிலாகப் போக்கர் போட்டி ஒன்றின் நுழைவுச் சீட்டைக் கொடுத்தது. பணமாகக் கொடுங்கள் என்று கேட்க ஓர்வில்லுக்குக் கூச்சம். போய் உட்கார்ந்தார். விதிகள் சரியாகத் தெரியாததால் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து மற்றவர்கள் பயந்தார்கள். போட்டி முடிந்தபோது இருபதாயிரம் டாலர் அவர் கையில் இருந்தது.

பரிசு வாங்கும் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் போட்டிப் போக்கர் தொழிலாளர் கழகத்தின் ஆள் உட்கார்ந்திருந்தார். கழகத்தில் சேர்ந்தால் கணவன் மனைவி இருவருக்கும் குழு மருத்துவக் காப்பீடு உண்டு என்றார். தனியாகத் தொழில் செய்யும் பூச்சு வேலைக்காரருக்கு அந்த விலையில் காப்பீடு எங்கேயும் கிடைக்காது. ஓர்வில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். இருபதாயிரத்தை வைத்து வீட்டுக் கூரையை மாற்றினார்கள். அதன் பிறகு ஓர்வில் சீட்டைத் தொடவில்லை. வருடா வருடம் சந்தாவை மட்டும் தவறாமல் கட்டினார். நீச்சல் குளத்துக்குப் பூசுகிறவர் தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர் ஆனது இப்படித்தான்.

இந்த வருடம் வெல்டாவின் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அக்டோபரில் மாற்று மூட்டு வைக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வயது அறுபத்தொன்று. அறுபத்தைந்தில் அரசாங்கக் காப்பீடு வந்துவிடும். அதுவரை கழகத்தின் காப்பீடுதான் கதி. அது போய்விட்டால் நான்கு வருடம் கைத்தடி, வலி மாத்திரை, படியில் ஒவ்வொரு காலாக இறங்குவது.

ஜூன் மாதத்தில் காப்பீட்டு நிறுவனம் கழகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. இது தொழில் செய்கிறவர்களுக்கான குழுக் காப்பீடு. தொழில் என்றால் அதில் வருமானம் இருக்க வேண்டும். உங்கள் உறுப்பினர்கள் முன்னூற்றுச் சொச்சம் பேரில், போட்டிகளுக்குக் கட்டியதைவிட அதிகமாக ஈட்டிய ஒருவரைக் காட்டுங்கள். ஒருவர் போதும்.

கழகம் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டியது. கூட்டங்களுக்குப் போய்ப் பழக்கமில்லாத ஓர்வில் தயங்கினார். வெல்டாதான் அவரைக் கிளப்பிக்கொண்டு போனாள். எதையும் நேரில் பார்க்காமல் நம்புவது அவளுக்கு வழக்கமில்லை.

கழகத்தின் கூடம் ஒரு கடை வரிசையில் இருந்தது. ஒரு பக்கம் நகத்துக்குச் சாயம் போடும் கடை. மறுபக்கம் அடகுக் கடை. அடகுக் கடைக்குப் போக உள்ளேயே ஒரு கதவு வைத்திருந்தார்கள், வெயிலில் அலைய வேண்டாம் என்பதற்காக. சுவர் முழுக்க உறுப்பினர்களின் பெயர்களும், பெயருக்கு நேரே ஒவ்வொருவரின் வாழ்நாள் வெற்றித் தொகையும் பொன்னிற எழுத்தில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, தலைவர் பிரெஸ்டன் வோகல், நாற்பத்தெட்டு லட்சம் டாலர்.

வாசலில் ஒரு கண்ணாடி ஜாடி. யாராவது தான் தோற்ற கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதில் ஒரு டாலர் போட வேண்டும். கேட்கிறவர்களைக் காப்பாற்றுவதற்காகக் கொண்டுவந்த விதி அது. இப்போது கழகத்தின் முதல் வருமானம் அந்த ஜாடிதான். சந்தா இரண்டாவது.

"பாஸ், கேளுங்க பாஸ். என் கையில ரெண்டு ஏஸ். எதிர்ல இருக்கறவன்கிட்ட வெறும் ஏழும் ரெண்டும்" என்று ஒருவன் ஓர்வில்லின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். முப்பது வயது இருக்கும். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"டாரில், ஒரு டாலர்" என்றாள் மேசையில் இருந்த செயலாளர் மார்சி.

"அஞ்சு டாலர் அட்வான்ஸா போட்டிருக்கேன் மார்சி. இன்னும் மூணு கதை பாக்கி இருக்கு."

வெல்டா கேட்டாள். "ஏன் தம்பி, ஜெயிச்ச கதை சொன்னா எவ்வளவு?"

"அதுக்குக் காசு இல்ல மேடம்."

"அப்ப அதுல ஒண்ணு சொல்லேன்."

டாரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். "அது அவ்வளவு சுவாரசியமா இருக்காது மேடம்" என்றான்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. ஒரே ஒரு நாற்காலிதான் கிடைத்தது. அதை வெல்டாவுக்குக் கொடுத்துவிட்டு ஓர்வில் காகிதக் கோப்பையில் காப்பியோடு பின் சுவரில் சாய்ந்து நின்றார்.

தலைவர் பிரெஸ்டன் வோகல் மேடை ஏறினார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி. ஒலிபெருக்கி வேண்டாம் என்று கையால் விலக்கினார்.

"நண்பர்களே, ஒரு ஆட்டக்காரன்கிட்ட நீ லாபத்துல இருக்கியான்னு கேக்கறது, ஒரு பாதிரியார்கிட்ட நீங்க கடவுளைப் பார்த்திருக்கீங்களான்னு கேக்கற மாதிரி. கேக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல. கேட்டா ரெண்டு பேருக்கும் சங்கடம், அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமா நான் இந்தத் தொழில்ல இருக்கேன். மூணு மனைவிங்க என்னை விட்டுப் போயிருக்காங்க. நான் தோத்துட்டேன்னு ஒருத்திகூட சொன்னதில்ல. கணக்குக் கேட்டோம், இவன் சொல்லலன்னுதான் போனாங்க. அந்த மரியாதை நமக்கு இருந்தது. இப்ப ஒரு காப்பீட்டுக் கம்பெனி வந்து கேக்குது."

அவமானம், அவமானம் என்று முன் வரிசையில் குரல் கொடுத்தார்கள்.

"கேட்டுட்டாங்க. சொல்லித்தான் ஆகணும். இந்தக் கூடத்துல நான் லாபத்துலதான் இருக்கேன்னு நம்பறவங்க எல்லாரும் எழுந்து நில்லுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். வராதவர்கள் சார்பாகச் சிலர் கையையும் தூக்கினார்கள். தலைவரின் கண் கலங்கியது.

"நல்லது. இப்ப, போட்டிக்குள்ள போகக் கட்டின பணத்தைக் கழிச்ச பிறகும் லாபத்துல இருக்கறவங்க நிக்கலாம்."

"அதை எதுக்குக் கழிக்கணும்?" என்றது ஒரு குரல்.

"கம்பெனி கழிக்கச் சொல்லுது."

"அது முதலீடு தலைவரே, செலவு இல்ல. விதைநெல்லை யாராவது செலவுன்னு எழுதுவானா?"

இதைப் பற்றி நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். ஒரு முறை மட்டும் கழித்துப் பார்க்கலாம், அது முன்னுதாரணமாகாது என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு கூட்டத்தில் பாதிக்கு மேல் உட்கார்ந்தது. நாற்காலி சுடுவதைப் போல மெதுவாக உட்கார்ந்தார்கள்.

"விமானம், ஓட்டல், சாப்பாடு கழிச்சு?"

இன்னும் இரண்டு வரிசை உட்கார்ந்தது.

"மனைவி கொடுத்தது, மாமனார் கொடுத்தது, அம்மா வீட்டை வித்துக் கொடுத்தது கழிச்சு?"

"விக்கல தலைவரே. அடமானம்தான்" என்றார் ஒருவர்.

"உக்காருங்க."

கடைசியில் ஆறு பேர் இடது ஓரமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். "வேற யாராவது உங்க மேல பணம் போட்டு, அது இன்னும் திரும்பி வராம இருந்தா, அதையும் கழிச்சு" என்றார் தலைவர். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆறு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பணம் போட்டவர்கள். ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

இப்போது இரண்டு பேர்தான் நின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் இருந்த தலைவர் பேசுவதற்காக நிற்கிறார், அது கணக்கில் சேராது என்று மார்சி குறித்துக்கொண்டாள். இன்னொருவர் பின் சுவரில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க யாரு?"

"ஓர்வில் டக்கெட். இடம் இல்ல, அதான் நிக்கறேன்."

"ஜெயிச்சது எவ்வளவு?"

"இருபதாயிரம்."

"கட்டினது?"

"ஒண்ணும் கட்டலையே. குளத்துக்குப் பூசின பாக்கிக்குப் பதிலா டிக்கெட் கொடுத்தாங்க."

கூட்டத்தில் யாரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள். பிறகு வரிசை வரிசையாகக் கண்ணாடிகள் கழன்றன. ஒரு மூலையில் தொடங்கிய கைதட்டல் கூடம் முழுக்கப் பரவியது. வெல்டா மட்டும் கைதட்டவில்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் தன் கணவரைப் பார்த்துச் சிரிப்பதை அவள் திருமணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அன்றே ஓர்வில்லின் பெயர் சுவரில் ஏறியது. டாரில் ஒரு கணம்கூட அவரை விட்டு நகரவில்லை.

"சார், அந்தக் கடைசி ஆட்டத்துல உங்க மனசுல என்ன சார் ஓடிச்சு?"

"பூசினது காயறதுக்குள்ள மழை வந்துடுமோன்னு இருந்தது."

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று டாரில் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். "ஆட்டத்தையே நினைக்கல. நாமதான் ஆட்டத்தை நினைச்சு நினைச்சுக் கெட்டுப்போறோம்."

மறுநாள் தலைவர் வோகல் டக்கெட் வீட்டுக்கே வந்துவிட்டார். வெல்டா கொடுத்த ஐஸ் டீயைக் குடித்துவிட்டு, ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது என்றார். லாபத்தில் இருந்தால் மட்டும் போதாது. நிறுவனத்தின் விதிப்படி அந்த உறுப்பினர் இப்போதும் தொழிலில் இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் ஆறு போட்டிகளாவது ஆடியிருக்க வேண்டும், சொந்தப் பணத்தில்.

"அவர் ஆடாததாலதானே லாபத்துல இருக்கார்?" என்றாள் வெல்டா.

"உண்மைதான் மேடம். ஆனா ஆடாத ஆளை ஆட்டக்காரர்னு எப்படிச் சொல்றது?"

"ஆடினா லாபக்காரர்னு எப்படிச் சொல்றது?"

வோகல் கோப்பையில் இருந்த பனிக்கட்டியைக் கொஞ்ச நேரம் சுழற்றிக்கொண்டிருந்தார். "அதுதான் மேடம் இந்தத் தொழிலோட அழகு" என்றார்.

வெல்டா விடவில்லை. "உங்க பேர்தான் சுவர்ல மேல இருக்கு. நீங்களே போய் நின்னா என்ன?"

"நாற்பத்தெட்டு லட்சம்" என்றார் வோகல்.

"அது ஜெயிச்சது. கட்டினது எவ்வளவு?"

"நாற்பத்தெட்டு லட்சம் மேடம்" என்று இன்னும் மெதுவாக, காது கேட்காதவருக்குச் சொல்வது போலச் சொன்னார் வோகல். டீ நன்றாக இருந்தது என்றார். எழுந்து போனார்.

வெல்டா உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். ஒரு போட்டிக்கு இரண்டாயிரம். ஆறு போட்டிக்குப் பன்னிரண்டாயிரம். ஆறிலும் தோற்றாலும் இருபதாயிரத்தில் எட்டாயிரம் மிஞ்சும். லாபம் லாபம்தான். சேமிப்பில் இருந்து பன்னிரண்டாயிரம் போய்விடும். ஆனால் இடுப்பு மூட்டுக்கு ஆஸ்பத்திரி சொன்ன தொகைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

"ஆறே ஆறு. போ, உக்காரு, தோத்துட்டு வா" என்றாள்.

"சரி" என்றார் ஓர்வில். புதுச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"தோத்துட்டேன்."

"நல்லது. கை கழுவு."

இரண்டாவது போட்டியன்று நான்கு மணிக்கு வந்தார். மூன்றாவது போட்டியன்று வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். வெளியே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. ஓர்வில் தலையை மூடும் கம்பளிச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார்.

"இது என்ன வேஷம்?"

"உள்ள ஏசி ஜாஸ்தி."

"கண்ணாடி?"

"டாரில் கொடுத்தான். என் கண்ணைப் பார்த்து என் சீட்டைக் கண்டுபிடிச்சுடறாங்களாம்."

"தோத்துட்டியா?"

"தோத்தது என் தப்பில்ல வெல்டா. நான் சரியாத்தான் ஆடினேன். சீட்டு அப்படி வந்துடுச்சு. போகப் போக சரியாயிடும்."

"போகப் போகன்னா எவ்வளவு தூரம்?"

"ஒரு ஆளு உண்மையிலேயே நல்லா ஆடறானா, இல்ல அதிர்ஷ்டமான்னு தெரியணும்னா முப்பது வருஷமாவது விடாம ஆடணுமாம். டாரில் சொன்னான்."

"உனக்கு அறுபத்து மூணு ஓர்வில்."

"அதனாலதான் தள்ளிப் போடாதீங்க சார்ங்கறான்."

அன்று சாப்பிடும்போது கையில் இரண்டு ராஜா வைத்திருந்தும் தோற்ற கதையை ஓர்வில் சொன்னார். உருளைக்கிழங்கை எதிராளியாக வைத்துக் காட்டினார். கதை முடிந்ததும் இன்னொரு கோணத்தில் இருந்து மறுபடி ஆரம்பித்தார். வெல்டா எழுந்து, காலியாக இருந்த ஊறுகாய்ப் புட்டி ஒன்றைக் கழுவித் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். ஓர்வில் அதில் ஒரு டாலரைப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

நான்காவது போட்டியன்று, காலையிலேயே தோற்றுவிட்டேன் என்று மதியம் தொலைபேசியில் சொன்னார். வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று.

"காலையில தோத்தவன் சாயங்காலம் வரைக்கும் அங்க என்ன பண்ணின?"

"பார்த்துக்கிட்டிருந்தேன்."

"எதை?"

"மத்தவங்க ஆடறதை. கத்துக்கணும் இல்ல?"

"எதுக்கு? இன்னும் ரெண்டுதானே பாக்கி?"

ஓர்வில் சட்டையைக் கழற்றினார். தோளில் தைல வாடை அடித்தது. வெல்டா அந்தச் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். புதினாவும் இன்னும் ஏதோவும் கலந்த வாடை. அந்த வீட்டில் தைலம் போட்டுக்கொள்கிற ஆள் அவள் ஒருத்திதான். அவள் போடுவது கற்பூரத் தைலம்.

மறுநாள் காலை ஓர்வில் கிளம்பிய பிறகு கழகத்துக்கு ஃபோன் போட்டாள். மார்சிதான் எடுத்தாள்.

"மேடம், பயப்படாதீங்க. அது ஒண்ணுமில்ல. மேசையில உக்காந்து ஆடறவங்களுக்குப் பொண்ணுங்க பின்னால நின்னு தோள் பிடிச்சு விடுவாங்க. நிமிஷத்துக்கு ரெண்டு டாலர். எல்லாருக்கும் உள்ளதுதான்."

"ஆடறவங்களுக்குத்தானே?"

"ஆமா மேடம்."

"நேத்து அவர் காலையிலேயே தோத்துட்டார். மிச்ச நேரம் சும்மா பார்த்துக்கிட்டிருந்தாராம். பார்க்கறவருக்கு எதுக்குத் தோள் பிடிக்கணும்?"

மறுமுனையில் யாரோ ஜாடியில் ஒரு டாலர் நாணயத்தைப் போடும் ஒலி கேட்டது.

"பார்க்கறதும் சில சமயம் வலிக்கும் மேடம்" என்றாள் மார்சி. ஃபோனை வைத்துவிட்டாள்.

வெல்டா சமையலறையில் நெடுநேரம் நின்றாள். தோள் பிடிக்கும் பெண்ணைச் சந்தேகப்பட்டாள். பிறகு வோகலைச் சந்தேகப்பட்டாள். டாரில் ஏதோ மருந்து கொடுக்கிறானோ என்றுகூட நினைத்தாள். எதுவும் பொருந்தவில்லை. ஓர்வில் இளைக்கவில்லை. பெண் விவகாரம் உள்ள ஆண்களைப் போல வீட்டு வேலையும் செய்யவில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பல் துலக்கும்போதும் அதைச் செய்வதை அவள் பார்த்தாள்.

ஐந்தாவது, ஆறாவது போட்டியன்றும் தோற்று, விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். வெள்ளிக்கிழமை விசாரணை. காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் லிகாயா ஒகாம்போ கழகத்தின் கூடத்துக்கே வந்தார். ஐம்பது வயது, சின்ன உருவம். மார்சி கொடுத்த காப்பியை வேண்டாம் என்றார். தன் பையில் இருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். முன்வரிசையில் ஓர்வில்லும் வெல்டாவும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கழகம் முழுவதும் இருந்தது. அத்தனை பேரின் பல்லும் இதயமும் முதுகெலும்பும் அந்த ஒரே காப்பீட்டில்தான் இருந்தன.

மேடையில் இருந்த வோகல் எழுந்தார். "அம்மா, முதல்ல எங்க தொழிலை நீங்க புரிஞ்சுக்கணும். நாங்க சம்பாதிக்கறதை ரெண்டாப் பிரிக்கறோம். ஒண்ணு, கைக்கு வந்தது. இன்னொண்ணு, சீட்டு நியாயமா விழுந்திருந்தா வந்திருக்க வேண்டியது. ரெண்டாவதுல எங்க உறுப்பினர்கள் எல்லாருமே நல்ல லாபத்துல இருக்காங்க."

"ரெண்டாவதை வெச்சு வாடகை கொடுக்க முடியுமா?" என்று கேட்டார் ஒகாம்போ.

"வீட்டுக்காரர் ஆட்டம் தெரிஞ்சவரா இருந்தா முடியும்."

"அப்ப உங்க ஆஸ்பத்திரிச் செலவை நாங்களும் அப்படியே கொடுத்துடலாமா? கைக்கு வராது. ஆனா நியாயமா வந்திருக்க வேண்டியதுன்னு நீங்க வெச்சுக்கலாம்."

வோகல் வாயைத் திறந்தார். இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக அதிலிருந்து நாற்பத்தெட்டு லட்சம் வெளியே வரவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டார். "அதனாலதான் உங்களுக்காக ஒருத்தரைக் கொண்டுவந்திருக்கோம். பழைய மாதிரி சம்பாதிச்சவர். கையில."

ஓர்வில் எழுந்தார்.

"கண்ணாடியைக் கழட்டறீங்களா சார்?" என்றார் ஒகாம்போ.

ஓர்வில் கழற்றினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. டாரில் பின்னாலிருந்து பெருமையாகத் தலையாட்டினான்.

"ஜெயிச்சது இருபதாயிரம். இந்தப் பருவத்துல ஆறு போட்டி, ஆறுலயும் பரிசு இல்ல. போனது பன்னிரண்டாயிரம். மிச்சம் எட்டாயிரம். சரிதானே?"

"சரி."

"அப்ப நீங்க லாபத்துல இருக்கீங்க. தொழில்லயும் இருக்கீங்க." ஒகாம்போ பேனா மூடியைத் திறந்தார். கூடமே மூச்சை விட்டது. வெல்டா தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அக்டோபர் என்று நினைத்தாள். அக்டோபரில் படுத்தால் டிசம்பரில் தடியில்லாமல் நடக்கலாம்.

பேனா காகிதத்தைத் தொடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. வர்ற வழியில அந்தப் போட்டி நடக்கற கூடத்தை எட்டிப் பார்த்தேன். வாசல்ல ஒரு பலகை இருக்கு. தோத்துப் போனவங்க மறுபடி முழுப் பணம் கட்டினா அதே போட்டிக்குள்ள திரும்ப வரலாம்னு போட்டிருக்கு. அந்தப் பணமும் இந்தப் பன்னிரண்டாயிரத்துல சேர்ந்திருக்கா?"

வோகல் சிரித்தார். "அதைத் தோட்டான்னு சொல்வோம் அம்மா. ஒண்ணு தீர்ந்தா இன்னொண்ணு. தோட்டாவைத் தனித்தனியா எண்ணற வழக்கம் எங்ககிட்ட இல்ல. ஒரு போட்டின்னா ஒரு போட்டிதான்."

"எண்ண ஆரம்பிச்சா ஆடவே முடியாது மேடம்" என்றான் டாரில். கூடம் முழுக்கத் தலையசைத்தது.

"நான் உங்களை எண்ணச் சொல்லல. டக்கெட் சார், நீங்க அப்படித் திரும்ப உள்ள போகலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க வார்த்தையை அப்படியே எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஓர்வில் ஆய்வாளரைப் பார்த்தார். முகம் சுண்ணாம்புச் சுவர் போல இருந்தது. கண்ணாடி முன்னால் பழகியது வீண் போகவில்லை. ஆனால் வெல்டா பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவருடைய காது தெரிந்தது. காது மடல் சிவந்துகொண்டிருந்தது. காதுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு வீடு வந்த நாட்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தன. தைல வாடை நினைவு வந்தது. பேசாமல் இருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை, அதையும் அவர்தான் சொல்லப் போகிறார், அவள் அல்ல. கைத்தடியை இறுகப் பிடித்தாள். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் வீட்டில் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மூட்டு அறுபத்தைந்திலும் கிடைக்கும்.

"இல்..." என்று ஓர்வில் ஆரம்பித்தார்.

"ஓர்வில்" என்றாள் வெல்டா. "எத்தனை தடவை?"

"மேடம்" என்று வோகல் பதறிப்போய் மேடையிலிருந்து இறங்கினார். "அந்தக் கேள்வியை இங்க யாரும் கேக்கறதில்ல."

"தெரியும். அதான் கேக்கறேன்." வெல்டா தடியை ஊன்றி எழுந்து நின்றாள். எழுவதற்கு நேரமாயிற்று. அதுவரை எல்லோரும் காத்திருந்தார்கள். "என்னைப் பார்த்துச் சொல்லு. எத்தனை தடவை?"

ஓர்வில்லின் கை சட்டைப் பையில் இருந்த கறுப்புக் கண்ணாடியைத் தேடியது. எடுத்தது. பிறகு மறுபடியும் பைக்குள்ளேயே போட்டது.

"ஒன்பது" என்றார். "பதினெட்டாயிரம். எல்லாம் கிரெடிட் கார்டுல. ஆனா வெல்டா, ஒன்பதுலயும் நான் நல்லாத்தான் ஆடினேன்."